இடிப்பதற்கு முன் ஒரு படம்

(வெளியே செல்லும்போது நகரின் கட்டடங்களைப் படமெடுப்பது குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



போகிற வழியில் கண்ணில் படும் கட்டடங்களைப் படமெடுப்பது நல்ல பொழுதுபோக்கா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய அன்பர்கள் இருவரும் அழகைப் பற்றிப் பேசினார்கள். நான் கொஞ்சம் அவசரத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, தேநீர் குடித்துக்கொண்டிருந்த என் அம்மா, "தம்பி, நம்ம பழைய புளோக் படம் ஒண்ணு இருந்தா காட்டேன்" என்றார். அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் நாங்கள் இருபத்து மூன்று ஆண்டுகள் குடியிருந்தோம். மறுமேம்பாட்டுக்காக எல்லாரும் காலி செய்தோம். கட்டடமும் போய்விட்டது. அம்மா கேட்டதும் ஆல்பங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொத்தம் ஏழு ஆல்பங்கள். திருமணம், காதுகுத்து, தீபாவளி, பிறந்தநாள் எல்லாம் இருந்தன. புளோக் மட்டும் இல்லை. ஒரு படத்தில் அண்ணனின் தோளுக்குப் பின்னால் ஜன்னல் கம்பி கொஞ்சம் தெரிந்தது. இன்னொன்றில் தாழ்வாரத்துத் தரை ஒரு சாண் அளவு தெரிந்தது. அவ்வளவுதான்.

வெட்கம் என்னவென்றால், நான் பதினெட்டு வயதிலிருந்தே கேமராவும் கையுமாக அலைந்தவன். மெர்லயன் சிலையை நாற்பது தடவையாவது எடுத்திருப்பேன். குடியிருந்த கட்டடத்தை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான். எந்தக் கட்டடம் எங்கும் போகாதோ அதைத்தான் எடுக்கிறோம். மரினா பே சேண்ட்ஸ் 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதிலிருந்து அதை எத்தனை கோடிப் பேர் எடுத்திருப்பார்கள்! நாம் எடுக்காவிட்டால் அதற்கு ஒரு நட்டமும் இல்லை. கோலாலம்பூருக்குப் போனால் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு எடுக்கிறோம். அதுவும் அப்படியேதான் இருக்கும். நாம் தினமும் பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்துக்கு எதிரே உள்ள பழைய கடைவரிசை அப்படி இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் இருந்த தேசிய நூலகம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1960ஆம் ஆண்டு திறக்கப்பட்ட செங்கல் கட்டடம். அதன் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தவர்கள், நண்பர்களுக்காகக் காத்திருந்தவர்கள், காதலித்தவர்கள்கூட உண்டு. 2004ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி அது மூடப்பட்டது. ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்காகப் பிறகு இடிக்கப்பட்டது. நுழைவாயிலின் இரண்டு செங்கல் தூண்கள் மட்டும் இன்றும் அந்தப் பக்கத்தில் நிற்கின்றன. அவை என்ன தூண்கள் என்று இன்றைய மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ரோச்சோர் சென்டர் அடுத்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பூசிய நான்கு புளோக்குகள், பூகிஸ் பக்கம் போகிற யாருக்கும் தப்பாமல் தெரியும். வடக்கு-தெற்கு பெருவழிச் சாலைக்காக அதை எடுக்கப்போவதாக 2011ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். 2018ஆம் ஆண்டில் இடித்தார்கள். இடைப்பட்ட காலத்தில், குறிப்பாகக் கடைசி மாதங்களில், அங்கே கேமராவுடன் வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! திருமண உடை அணிந்த மணமக்கள்கூட வந்து நின்றார்கள். நானும் போனேன். போனபோது கடைகள் பாதி மூடிக்கிடந்தன. வண்ணம் இருந்தது, வாழ்க்கை இல்லை. சாவு வீட்டுக்கு மட்டும் தவறாமல் வரும் உறவினர் மாதிரி இருந்தது எனக்கு.

சைனாடவுனுக்குப் பின்னால் குன்றின் மேல் நின்ற பேர்ல் பேங்க் அடுக்குமாடியும் அப்படித்தான். 1976ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டபோது அதன் 38 மாடி பெரிய செய்தி. குதிரை லாட வடிவம். 2018ஆம் ஆண்டு ஒட்டுமொத்த விற்பனையில் 728 மில்லியன் வெள்ளிக்குக் கைமாறி, பிறகு இடிக்கப்பட்டது. பீச் ரோட்டில் உள்ள கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் தப்பித்தது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் அதைப் பாதுகாக்கப்படும் கட்டடமாக அரசிதழில் அறிவித்தார்கள். ஆனால் தப்பித்தது கட்டடம் மட்டும். உள்ளே இருந்த தாய்லாந்து உணவுக் கடைகளும் ஹட்யாய் பேருந்துகளுக்குச் சீட்டு விற்ற முகப்புகளும் அடுத்த சில ஆண்டுகளில் வெளியேறிவிட்டன. கட்டடத்தைப் பாதுகாத்தாலும் பயன்பாடு போய்விடலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். மலேசியாவிலும் இதே கதைதான். 1895ஆம் ஆண்டின் பூடு சிறைச்சாலையை 2010ஆம் ஆண்டு தொடங்கி இடித்தார்கள். அதன் நீண்ட மதிற்சுவர் முழுவதும் வரையப்பட்டிருந்த ஓவியத்தை இனி படத்தில்தான் பார்க்க முடியும்.

இவையெல்லாம் பெயர் பெற்ற கட்டடங்கள். இவற்றுக்குப் படம் எடுக்க ஆள் இருந்தது. என் அம்மாவின் புளோக்குக்கு யார் இருந்தார்கள்?

இந்த இடத்தில் லீ கிப் லின் என்பவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டடக் கலைஞர், ஆசிரியர், சிங்கப்பூர் வீடுகளின் வரலாற்றை எழுதியவர். பழைய பங்களாக்கள், கடைவீடுகள், தெருக்கள் என்று மறைந்துகொண்டிருந்தவற்றைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்துக்கொண்டே இருந்தார். 2009ஆம் ஆண்டு அவரது சேகரிப்பு தேசிய நூலகத்துக்கு வழங்கப்பட்டது. படங்கள், ஸ்லைடுகள், வரைபடங்கள், நூல்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 19,000 உருப்படிகள். 2011ஆம் ஆண்டு அவர் காலமானார். ஒரு தெரு எப்படி இருந்தது என்று ஆய்வாளர்கள் தேடும்போது இன்று அந்தச் சேகரிப்பு கைகொடுக்கிறது. படங்களில் பல, போட்டிக்கு அனுப்புகிற மாதிரி எடுக்கப்பட்டவை அல்ல. சுவர் நேராக இருக்கிறது, வாசல் தெரிகிறது, எந்தத் தெரு என்று தெரிகிறது. அது போதும்.

சரி, எப்படிப் பார்ப்பது, எப்படி எடுப்பது? நமக்குப் பழக்கமான இடத்திலிருந்தே தொடங்குவோம். தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையில் நடக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பூவும் முருங்கைக்காயும் வாங்கப் போகிற நாம் கண்ணைக் கடைமட்டத்தில்தான் வைத்திருப்போம். கடைமட்டம் பத்து ஆண்டுக்கு ஒரு முறை மாறிவிடும். பெயர்ப்பலகை மாறும், கண்ணாடிக் கதவு வரும். மாறாதது மேல்மாடி. எதிர்ப்பக்கம் போய் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். தினமும் போகிற சாலையில் இதுவரை பார்க்காத தெரு ஒன்று தெரியும்.

கடைவீடுகளின் வயதை ஓரளவு முகப்பை வைத்தே சொல்லலாம். நகர மறுசீரமைப்பு ஆணையம் அவற்றை ஆறு பாணிகளாகப் பிரித்திருக்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குள்ளமாக, இரண்டு மாடியோடு, அலங்காரம் இல்லாமல், மேலே ஒன்றோ இரண்டோ ஜன்னலுடன் இருந்தால் அது பெரும்பாலும் 1900க்கு முந்திய பாணி. மேல்மாடியில் மூன்று ஜன்னல், சுவரே தெரியாத அளவுக்குப் பூவேலை, வண்ண ஓடு என்று இருந்தால் 1900க்கும் 1940க்கும் இடைப்பட்டது. அந்தக் காலத்தில் ரப்பரிலும் ஈயத்திலும் வந்த பணம் அந்தப் பூக்களில் தெரியும். அலங்காரத்தைக் குறைத்து, நேர்கோடுகளாக, உச்சியில் கொடிக்கம்பமும் கட்டிய ஆண்டும் இருந்தால் 1930ஐ ஒட்டித் தொடங்கிய ஆர்ட் டெக்கோ. ஆண்டு எழுதியிருக்கும் உச்சியைக் கட்டாயம் படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டடம் தன் பிறப்புச் சான்றிதழைத் தானே நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நாம் அதை வெட்டிவிட்டுப் படம் எடுப்பானேன்?

கடைவீடு ஏன் இவ்வளவு குறுகல், இவ்வளவு நீளம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குப் போட்ட மர உத்தரத்தின் நீளம்தான் பெரும்பாலும் அகலத்தைத் தீர்மானித்தது. பக்கத்து வீட்டுக்கும் அதே சுவர்தான். காற்றும் வெளிச்சமும் வர நடுவில் திறந்த முற்றம் விட்டார்கள். முன்னால் இருக்கும் ஐந்தடிப் பாதை ராஃபிள்ஸ் வகுத்த ஏற்பாடு. ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் தொடர்ச்சியாகக் கூரையுள்ள நடைபாதை இருக்க வேண்டும் என்று 1822ஆம் ஆண்டில் அவர் நகரத் திட்டக் குழுவுக்குக் கொடுத்த குறிப்பில் இருக்கிறது. அந்தப் பாதையில்தான் நம்மவர்கள் பூ கட்டினார்கள், கிளி ஜோசியம் பார்த்தார்கள். நீங்கள் எடுக்கும் படத்தில் அந்தத் தூண்களின் வரிசை ஒன்றாவது இருக்கட்டும். வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் வெளிமுகப்பு நன்றாக விழாது, ஐந்தடிப் பாதையின் நிழல் அப்போதுதான் அழகு.

அப்படியே டன்லப் ஸ்திரீட்டுக்குத் திரும்பினால் அப்துல் கஃபூர் பள்ளிவாசல். அதன் வாசலுக்கு மேலே சூரியக்கதிர் வடிவம் ஒன்று உண்டு. அதில் 25 கதிர்கள். ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில் இருக்கிறது. பல ஆண்டுகள் அந்த வழியாகப் போய்வந்த எனக்கு, ஒரு நாள் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. கேமரா சில சமயம் நம் கண்ணுக்கு வாத்தியாராகிவிடுகிறது.

கெர்பாவ் சாலையில் டான் டெங் நியாவின் வீடு இருக்கிறது. 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்டது, லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் கடைசிச் சீன மாளிகை. எல்லா வண்ணமும் அதில் உண்டு, எப்போதும் அதன் முன் பத்துப் பேர் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள். தாராளமாக நீங்களும் எடுங்கள். எடுத்து முடித்ததும் திரும்பி நின்று, பின்னால் இருப்பதையும் ஒன்று எடுங்கள். அதை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

இனி வெளிச்சம். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே வாழ்கிறோம். காலை ஏழு மணியளவில் விடிகிறது, மாலை ஏழு மணியளவில் பொழுது சாய்கிறது. நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும். அந்த நேரத்தில் எடுத்தால் ஒவ்வொரு ஜன்னல் விளிம்பின் கீழும் கறுப்பாக நிழல் விழுந்து, சிரிக்கிற கட்டடமும் முறைக்கிற மாதிரி வரும். காலை ஏழரையிலிருந்து ஒன்பது, மாலை ஐந்தரையிலிருந்து ஏழு. இந்த இரண்டு வேளைதான் நமக்கு வாய்த்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகிறது, அக்டோபர் முதல் மார்ச் வரை தெற்கே. ஆகவே வடக்கு பார்த்த சுவருக்கு ஜூன், ஜூலையில்தான் வெயில் கிடைக்கும். தெற்கு பார்த்த சுவருக்கு டிசம்பர், ஜனவரி. உங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள கட்டடம் எப்போதும் மங்கலாகவே விழுகிறது என்றால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள், ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். நம் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியவை. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் ராஜகோபுரத்தைக் காலையில் எடுத்தால் ஒவ்வொரு சிலையும் தனித்தனியாகத் தெரியும். மாலையில் வெயில் கோபுரத்துக்குப் பின்னால் போய்விடும், முகப்பு இருண்டுவிடும். கூட்டம் குறைவாக இருக்கும் என்று மாலையில் போய் ஏமாந்தவன் நான். பக்கத்துத் தெருவின் பெயர் பகோடா ஸ்திரீட். அந்தப் பகோடா வேறொன்றுமில்லை, நம் கோபுரம்தான்.

மழை பெய்தால் வீட்டுக்கு ஓடாதீர்கள். மழை விட்ட ஐந்து நிமிடத்தில் தார்ச்சாலை கண்ணாடியாகிவிடும். பொழுது சாய்ந்து இருட்டுவதற்கு முன் வானம் கருநீலமாக இருக்கும் இருபது நிமிடமும் அப்படித்தான். கட்டடத்தின் விளக்கும் தெரியும், கட்டடமும் தெரியும்.

அடுத்தது நிற்கிற இடம். எல்லாருக்கும் வருகிற குறை ஒன்று: கட்டடம் பின்பக்கம் சாய்ந்து விழுகிற மாதிரி வரும். காரணம் எளிது. உயரமான கட்டடத்தின் தலையைப் பிடிக்க வேண்டும் என்று கைத்தொலைபேசியை அண்ணாந்து சாய்க்கிறோம். சாய்த்ததும் நேர்க்கோடுகள் மேலே போகப் போக ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. கைத்தொலைபேசியைச் சுவருக்கு இணையாக நிமிர்த்திப் பிடித்தால் கோடுகள் நேராகிவிடும். தலை வெட்டுப்படுகிறதே என்றால் பின்னால் போங்கள். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போங்கள். அதுவும் போதாவிட்டால் அகலக் கோணத்துக்கு மாற்றி, நிமிர்த்தியே பிடித்து எடுத்து, கீழே வீணாக வரும் தரையைப் பிறகு வெட்டிவிடலாம். அகலக் கோணம் ஓரங்களை இழுத்துவிடும் என்பதால் கட்டடத்தை நடுவில் வையுங்கள். திரையில் கட்டம் காட்டும் வசதி எல்லாக் கைத்தொலைபேசியிலும் உண்டு, அதைப் போட்டுக்கொண்டால் சாய்வு உடனே தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த இடம் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் நான்காம், ஐந்தாம் மாடி. எதிரே உள்ள புளோக்கின் நடு உயரத்தில் நிற்பதால் எதையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. இரண்டு மாடிப் பேருந்தின் மேல்தளத்து முன் இருக்கையும் நல்லது. கடைவீட்டின் மேல்மாடி ஜன்னலுக்கு நேராக நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. சிவப்பு விளக்கில் பேருந்து நிற்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

என்னென்ன எடுப்பது? முழுக் கட்டடம் ஒன்று, அக்கம்பக்கத்துடன் சேர்த்து ஒன்று. இரண்டாவதை நாம் மறந்துவிடுகிறோம். பிற்காலத்தில் இடத்தை அடையாளம் காட்டுவது பக்கத்துக் கடையும் மரமும்தான். பிறகு நெருங்கிப் போங்கள். புளோக் என்றால் பக்கச் சுவரில் பெரிதாக எழுதிய எண், கீழ்த்தளத்தில் கல்லாலான சதுரங்க மேசை, தபால்பெட்டி வரிசை, மாடிப்படிக்குக் காற்று வர வைத்த ஓட்டைக் கல், மின்தூக்கிப் பொத்தான். மார்க்கெட் என்றால் மீன்கடைத் தரையின் ஓடு. அழகான கட்டடத்தை மட்டும் எடுப்பேன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எது அழகு என்று நாற்பது ஆண்டு கழித்துத்தான் நமக்குத் தெரிகிறது. 1960ஆம் ஆண்டு அக்டோபரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதன்முதலாகக் கட்டி முடித்த மூன்று புளோக்குகள் குவீன்ஸ்டவுனில் ஸ்டெர்லிங் சாலையில் நிற்கின்றன. ஏழு மாடி. யாரும் அழகென்று சொல்ல மாட்டார்கள். இந்த நாட்டின் பெரும்பாலான குடும்பங்களின் கதை அங்கே தொடங்குகிறது.

கோயில் கட்டடம் எப்படியும் இருக்கும், அவசரம் இல்லை என்று நினைக்கலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு நடக்கிறதே. அப்போது கோபுரத்துக்குப் புது வண்ணம் பூசுகிறார்கள், சிலைகளைச் செப்பனிடுகிறார்கள். ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன் எடுத்த படம் ஒன்றையும் இன்றைய கோபுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் வட்டாரக் கோயிலில் திருப்பணிக்குச் சாரம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், சாரம் ஏறுமுன் ஒரு காலை நேரத்தில் போய்விடுங்கள். சன்னிதிக்குள் எடுக்க வேண்டுமானால் கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் அனுமதி இல்லை.

இங்கே மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் பொது இடத்தில் நின்று கட்டடத்தைப் படமெடுப்பது பொதுவாகக் குற்றமல்ல. காப்புரிமைச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் சிவப்பு எழுத்தில், படமெடுக்கக் கூடாது என்ற அறிவிப்புடன் பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை இருந்தால் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். ராணுவ முகாம், சில அரசாங்க வளாகங்கள், முக்கிய நிலையங்கள் இந்த வகை. கடைத்தொகுதிகள் தனியார் இடம், பாதுகாவலர் வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லாமல் நிறுத்திவிட வேண்டும். அவர் வேலையைத்தான் அவர் செய்கிறார்.

சட்டத்தை விட நாசூக்கு முக்கியம். ஒரு முறை ஒரு பழைய புளோக்கின் ஆறாம் மாடித் தாழ்வாரத்தில் நின்று வரிசையாக உள்ள கதவுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சீனப் பாட்டி கதவைத் திறந்து கடுமையாகச் சத்தம் போட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பக்கத்து வீட்டு இளைஞர் வந்து விளக்கினார். கடன்முதலைகளின் ஆட்கள்தான் இப்படி வந்து கதவையும் வீட்டு எண்ணையும் படமெடுப்பார்களாம். பிறகு அந்தக் கதவில் சாயம் விழும். அந்தப் பாட்டி பயந்ததில் என்ன தப்பு? "மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி" என்று மலாயில் சொல்லி, எடுத்ததை அவர் கண்ணெதிரே அழித்துக் காட்டினேன். அன்றிலிருந்து தாழ்வாரத்தில் யார் வீட்டுக் கதவையும் வீட்டு எண்ணையும் நான் எடுப்பதில்லை. உங்கள் சொந்தத் தாழ்வாரம் என்றால் அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். ஐந்தடிப் பாதையில் தூங்குகிறவர், வேலை முடிந்து உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு ஊழியர் இவர்களைக் கட்டடத்துக்கு அலங்காரமாக வைத்து எடுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்டால் பலர் சிரித்துக்கொண்டே நிற்பார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

எடுத்த படத்தை வைத்திருப்பது தனி வேலை. என்னிடம் முந்திய கேமராவில் எடுத்த முந்நூறு படங்கள் உண்டு. எல்லாவற்றிலும் ஜனவரி 1 என்றே தேதி பதிந்திருக்கிறது. பேட்டரியை மாற்றிய பிறகு கடிகாரத்தைச் சரிசெய்யாமல் ஓர் ஆண்டு முழுவதும் எடுத்திருக்கிறேன். இப்போது எது முன், எது பின் என்று மரத்தின் உயரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறேன். கைத்தொலைபேசியில் தேதி தானாகப் பதிந்துவிடும், ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி, அந்த விவரமும் போய்விடும். ஆகவே மூலப்படத்தை வேறோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். படத்துக்குப் பெயராகச் சாலை, புளோக் எண், ஆண்டு மூன்றையும் தட்டச்சு செய்யுங்கள். முடிந்தால் ஆண்டுக்கு இருபது படமாவது அச்சிடுங்கள். வீட்டிலுள்ள முதியவர்கள் கைத்தொலைபேசியை விரலால் தள்ளிப் பார்க்கிறவர்கள் அல்லர். தாளைக் கையில் கொடுத்தால்தான் அவர்களுக்குப் பேச்சு வரும், பேச்சு வந்தால்தான் படத்தில் இல்லாதது நமக்குத் தெரியவரும். அவர்கள் சொல்வதைப் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிவையுங்கள்.

இந்த வாரம் எங்கே போகலாம் என்று நெறியாளர் கேட்டார். எங்கேயும் தனியாகப் போக வேண்டாம் என்பேன். மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடப்போகும் வழியில், வேலைக்குப் போகும் வழியில் ஒரு நாளைக்கு ஒரு கட்டடம். விற்பனைக்கு என்ற பலகை தொங்கினால், சுற்றிலும் தகர வேலி வந்தால், குடியிருப்பாளர் கூட்டம் என்று மின்தூக்கிப் பக்கம் அறிவிப்பு ஒட்டியிருந்தால், அதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

அம்மா கேட்ட படத்தின் கதையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஆல்பங்களில் இல்லை என்றானதும், பழைய அண்டைவீட்டுக்காரர்களைத் தேட ஆரம்பித்தேன். நான்காவது வீட்டில் இருந்த அண்ணன் ஒருவர் இப்போது செங்காங்கில் இருக்கிறார். "புளோக் படமெல்லாம் எங்கிட்ட ஏது? என் மோட்டார்சைக்கிள் படம்தான் இருக்கு" என்றார். அவர் வாங்கிய முதல் மோட்டார்சைக்கிள். புளோக்கின் கீழ்த்தளத்தில் நிறுத்திவைத்து எடுத்த படம். வண்டிக்குப் பின்னால் மாடிப்படி, பச்சைத் தூண், தபால்பெட்டி வரிசை எல்லாம் தெளிவாக இருந்தன.

நகல் எடுத்து, பெரிதாக அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தபால்பெட்டிகளை மேலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே வந்து, "மூணாவது வரிசை, நாலாவது. இதான் நம்மளது. பூட்டு சரியா விழாது, உங்கப்பா ஒரு கம்பி சுத்தி வச்சிருப்பாரு பாரு" என்றார். நான் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கம்பி இருந்தது.